மரத்துப்போன வலது கால்

என் காலை அறுத்துச் சுகப்படுத்திவிட்டார்கள் என்று கண்டவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் என் மனைவி தங்கேஸ்வரி. அறுத்தது உண்மை. சுகமா இல்லையா என்பது எனக்கும் காலுக்கும் இடையிலான விஷயம்.

திருகோணமலைத் துறைமுகத்தில் நான் வின்ச்காரன், சுமை தூக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். கரைக்கு வராமல் நங்கூரமிட்ட கப்பலின் தட்டில் நின்று, அடிக்கிடங்கிலிருந்து கோதுமை மா மூட்டைகளைக் கொத்தாகத் தூக்கி, பக்கத்தில் கட்டியிருக்கும் பார்ஜ் என்ற சரக்குத் தோணியில் இறக்க வேண்டும். கையில் நீராவிப் பிடி, வலது காலுக்குக் கீழே பிரேக். நான் நிற்கும் இடத்திலிருந்து கிடங்கும் தெரியாது, பார்ஜும் தெரியாது. ஓரத்தில் நின்று சுமையைப் பார்த்துக் கையால் சைகை காட்டுகிறவர் தங்கேஸின் தமையன் கனகரத்தினம். உள்ளங்கை விரிந்தால் இறக்கு. விரல்கள் மடங்கி முட்டி மூடினால் நிறுத்து. என் கண் அந்தக் கையை விட்டு விலகக்கூடாது. பிரேக்கைக் கால் தானாக அறிய வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் ஒருவரும் செருப்போடு வின்சுக்கு ஏறமாட்டார்கள்.

வெறுங்காலுக்கு வந்த வினைதான் இது. அறுந்த கம்பிவடத்தின் துரும்பு ஒன்று பாதத்தில் ஏறியது. தேங்காயெண்ணெயைக் காய்ச்சி விட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எனக்குப் பெரிய வீரன் என்ற நினைப்பு. முழங்கால் வரை வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. இன்னும் பிந்தியிருந்தால் கால் போயிருக்கும் என்றார் டொக்டர். பழுதான சதையோடு நரம்பும் போய்விட்டது, உணர்வு திரும்பினால் உங்கள் அதிர்ஷ்டம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

வீட்டில் கிடந்த காலத்தைப் பற்றி என்ன சொல்ல? ஒரு கதிரையில் நான், எதிர்க் கதிரையில் என் கால். காலுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை. பார்க்க வந்த ஒருத்தி இறால் கிரந்தி, புண்ணைப் பழுக்கவைக்கும் என்றாள். இன்னொருத்தி கத்தரிக்காயைத் தடுத்தாள். மூன்றாவது ஆள் முட்டையையும் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார். கடைசியில் எனக்கு மிஞ்சியது பால்சுறாவும் பாணும்தான். பாணுக்குப் பேக்கரி வாசலில் நாடே வரிசையில் நின்ற காலம் அது. தங்கேஸ் விடிய முன் போய் நின்று வாங்கி வருவாள். வந்த கையோடு தண்ணீர் அள்ளி என்னைக் குளிக்க வார்ப்பாள். கக்கூசுக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஊருக்கெல்லாம் மா இறக்கியவனால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியவில்லை. அந்த ஆத்திரம் முழுக்க அவள்மேல் பாய்ந்தது. தேத்தண்ணியில் சீனி இல்லை என்று கோப்பையைச் சுவரில் எறிந்தேன். சீனி கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டே எறிந்தேன்.

அவள் துண்டுகளைப் பொறுக்கினாள். "கையெண்டாலும் நல்லா வேலை செய்யுது" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கட்டு அவிழ்த்து நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் குசினியில் நின்று அவளோடு கதைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் மூக்கைச் சுளித்தாள். கீழே பார்த்தவள் கத்திக்கொண்டு என்னைத் தள்ளினாள். அடுப்பிலிருந்து தெறித்த தணலின்மேல் என் வலது கால் நின்றிருக்கிறது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குச் சுடேல்லையோ?"

"சுட்டதுதான். பொறுத்துக்கொண்டு நிண்டனான்."

"என்னத்துக்குப் பொறுக்கிறியள்?"

அவள் என்னை இருத்தி, கொப்புளத்துக்கு எண்ணெய் தடவினாள். பிறகு பாதத்தை அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை அமத்தி, என் முகத்தைப் பார்த்தாள். எங்கே அமத்துகிறாள் என்று ஊகித்து நானும் அப்பப்போ முகத்தைச் சுளித்தேன். எல்லாம் பிழையாகப் போயிருக்க வேண்டும். அவள் எண்ணெய்ப் போத்தலை மூடிக்கொண்டு எழும்பிப் போனாள்.

வேலைக்குத் திரும்பியதும் லைட் டியூட்டி தந்தார்கள். சாமான் அறை வாசலில் ஒரு ஸ்டூலில் இருந்து சங்கிலி, கொளுக்கிகளைக் கொடுக்கும் வேலை. கொடுப்பது என்று பேர்தான். "நீங்கள் இருங்கோ அண்ணை" என்று ஒவ்வொருவனும் தானே உள்ளே போய் எடுத்துக்கொள்வான். நான் வாசலுக்கு வைத்த கல். என் வின்சில் மூதூர் ஆள் அன்ஸார் நின்றான். மோசமாகச் செய்தாலாவது மனம் ஆறியிருக்கும். நன்றாகச் செய்தான்.

ஒருநாள், வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் கலீலுர் றஹ்மான், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், ஸ்டூலடிக்கு வந்தார்.

"பாக்கியம், மாக் கப்பல் வந்திருக்கு. நாளைக்கு நீங்க ஏறிப் பாருங்க. ஏலுமெண்டா உங்கட இடம் உங்களுக்குத்தான். ஏலாட்டி அன்ஸாரை நிரந்தரமாப் போட்டிருவன். பிறகு நீங்க இஞ்சதான்" என்று ஸ்டூலைக் காட்டினார்.

"ஏலும் நானா" என்றேன். அவர் முடிக்குமுன்பே சொல்லிவிட்டேன்.

காலையில் மச்சான் கனகரத்தினம் என்னைக் கூட்டிப்போக வந்தார். வாசல் படலையடியில் தங்கேஸ் அவரை மறித்து, "அண்ணை, இண்டைக்குக் கையை நல்லா உயத்திப் பிடியுங்கோ" என்றாள். அவர் என் காலை ஒருதரம் பார்த்தார்.

வின்ச் பிடியைத் தொட்டேன். எண்ணெயும் நீராவியும் கலந்த அந்த மணத்துக்காக எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்ஸார் நாகரிகமாக அப்பால் போய் நின்றான். முதல் சுமை போனது. இரண்டாவதும் போனது. ஆனால் என் கால் பிரேக்கில் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. குனிந்தேன், நிமிர்ந்தேன், மச்சானின் கையைக் கண்ணால் பிடித்தேன். மறுபடி குனிந்தேன். ஒருமாதிரிச் சமாளிக்கலாம் என்றே நினைத்தேன்.

இன்னொரு சுமை இறங்கிக்கொண்டிருந்தபோது கால் ஓரத்துக்கு வழுகியிருந்தது. பார்த்து, தூக்கி, சரியாக வைத்தேன். நிமிர்ந்தால் மச்சானின் முட்டி மூடியிருக்கிறது. அது எப்போது மூடியதோ தெரியாது. முழு உடம்பாலும் பிரேக்கை மிதித்தேன். கம்பிவடம் கிரீச்சிட்டு நின்றது. பார்ஜிலிருந்து ஒரு தூஷணம் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம். ஆள் உயிரோடிருக்கிறான்.

மச்சான் கிட்ட வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"கீழ பார்ஜில முருகேசு. அவன்ர தலைக்கு மேல ஒரு முழம்தான்."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கும் விளங்கேல்லை. பிரேக் இறுகிப்போச்சுதெண்டு சொல்லிப்போட்டன். நானாவின்ர காதுக்குப் போகாது. நீங்கள் செய்யுங்கோ."

தன் தங்கச்சியின் புருஷன் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். அந்த நேரத்தில் அவர் காலில் விழுந்திருப்பேன். மாதக்கணக்காக அந்த ஸ்டூலில் இருந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பார்ஜில் முருகேசு மறுபடி மூட்டை அடுக்கத் தொடங்கியிருப்பான். அவனைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடியைத் திருப்பினேன். சுமை கிடங்கிலிருந்து மேலே வந்து, பக்கவாட்டில் திரும்பி, பார்ஜுக்கு மேலே போனது. இனிக் குனிவதில்லை, செத்தாலும் குனிவதில்லை என்று மச்சானின் கையையே பார்த்தேன்.

கை உயர்ந்தபடிதான் இருந்தது. உள்ளங்கையும் விரிந்திருந்தது. ஆனால் அவருடைய கண் பார்ஜில் இல்லை. தலையை என் பக்கம் திருப்பி, என் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கிக்கொண்டிருந்த சுமையை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் நீராவியைப் பூட்டினேன். சுமை அந்தரத்தில் நின்று ஆடியது.

"மச்சான், அன்ஸாரைக் கூப்பிடுங்கோ. எனக்கு ஏலாது."

வேண்டாம், நில்லுங்கோ, இன்னொருக்காப் பாப்பம் என்று அவர் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். சொன்னால் நின்றும் இருப்பேன். அவர் கையைக் கீழே போட்டார். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே திரும்பி, "அன்ஸார், ஓடிவா!" என்று கூப்பிட்டார்.