ஷேரி பிடிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

நாகஜோதி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊரிலிருந்து போன் செய்கிறாள். முகிலன் பெண்டாட்டி. அவன் செத்துப்போய் நாற்பது நாள் ஆகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு கன்று போட்டிருக்கிறது என்று ஏதேதோ சொல்வாள். நான் "ம்" கொட்டுவேன். கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று கேட்டுவிடுவாளோ என்று அவசரமாகப் போனை வைத்துவிடுவேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையைச் சொன்னால் அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

நானும் முகிலனும் ராஸ் அல் கைமாவில் ஒரே சிமெண்ட் ஆலை, ஒரே ரூம். ஊரிலும் அடுத்தடுத்த கிராமம், காளையார்கோவில் பக்கம். யாரோ ஒரு அரபி கழித்துப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் கயாக்கை, ஒற்றை ஆள் துடுப்புப் படகுகளை, அவன்தான் பேசி வாங்கி வந்தான். எனக்குத் தண்ணீர் என்றால் கொஞ்சம் பயம்.

"கம்மாயில வாழைமரத்தக் கட்டி மிதந்த பயலுக நாம. இதுல முழுகவா போறோம்?" என்றான்.

அலையே இல்லாத குடா அது. விடிந்ததும் இறங்கி, இறால் துண்டைக் கோத்துப் பாறை ஓரமாகத் தூண்டிலைப் போட்டால், ஒன்பது மணிக்குள் ரூமில் எல்லாருக்கும் குழம்புக்கு மீன் தேறிவிடும். நம்மூர் விளமீன்தான், இங்கே ஷேரி என்பார்கள். நங்கூரத்துக்கு, சிமெண்ட் ஊற்றிய பெயிண்ட் டப்பா. லைஃப் ஜாக்கெட்டை மட்டும் தோளை அறுக்கிறது என்று கழற்றிக் காலடியில் போட்டுவிடுவான். எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நாங்கள் கடைசியாகப் போன ஞாயிறு, பனி என்றால் அப்படியொரு பனி. என் துடுப்பின் நுனி எனக்கே தெரியவில்லை. முந்தின மாதம்தான் அதே குடாவில் ஒரு ஆள் மூழ்கிப் போயிருந்தான். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் அதே பேச்சு. எனக்கு இறங்கும்போதே மனசு சரியில்லை.

"உடையப்பா."

முகிலன் குரல். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த மாதிரி இருந்தது. திரும்பப் போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் இது தெரியும்: தண்ணீர் ஓரத்தில், ஆள் முகம் தெரியாத நேரத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. தெரிந்தவன் குரலில்தான் பேய் கூப்பிடும். இரண்டு தடவைக்கு மேல் அதற்குக் கூப்பிட வராது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷன்.

"உடையப்பா."

இந்தத் தடவை தணிவாகக் கேட்டது. நான் கண்ணை இறுக்கி மூடி, எங்கள் ஊர்ச் சாமி முனியையாவை நினைத்துக்கொண்டு, மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். மடப்பயல், கடைந்தெடுத்த மடப்பயல் நான். கயாக் கவிழ்ந்து, நங்கூரக் கயிறு காலில் சுற்றிக்கொண்டவன் எத்தனை தடவைதான் கூப்பிடுவான்? பனி விலகியபோது அவன் கயாக் குப்புறக் கிடந்தது. பத்துத் துடுப்புப் போட்டால் எட்டியிருக்கும்.

ஒன்றும் கேட்கவில்லை என்று போலீஸிடம் சொன்னேன். கேம்ப்பிலும் அதையேதான் சொன்னேன். இப்போது டூட்டியில் ஃபோர்மேன் வாயைத் திறந்தாலே ஓடுகிறேன். யாரும் கூப்பிடாதபோதும் திரும்பிப் பார்க்கிறேன்.

இந்த ஞாயிறு அவள் கேட்டே விட்டாள்.

"அண்ணே, அவுக கடைசியா ஏதாச்சும் சொன்னாகளா?"

"ஏம் பேரச் சொல்லிக் கூப்புட்டான் தாயி. ரெண்டு தடவ. நான் திரும்பல."

எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானுந்தேன் திரும்பலண்ணே," என்றாள்.

"என்ன தாயி சொல்றே?"

"காரியம் முடிஞ்ச அன்னையிலேருந்து விடியக்கருக்கல்ல வாசல்ல நின்னு கூப்புடுறாக. சோதி, சோதின்னு ரெண்டே தடவ. அப்பறம் சத்தமில்ல. நான் பிள்ளையக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கம்முனு படுத்துருக்கேன்."

பேயோ மனுஷனோ, எனக்கு இனி அந்தக் கணக்கு வேண்டாம்.

"மொதத் தடவையே கதவத் தொறந்துரு தாயி," என்றேன். "அவனுக்கு மூணாவது தடவ கூப்புடத் தெம்பு இருக்காது."