வேலைக்குப் போன சோளக்கொல்லைப் பொம்மை

தணிகாசலத்துக்கு உடம்பு ஒன்று, பிழைப்பு இரண்டு. விடியலில் அரை ஏக்கர் சோளக்கொல்லை, பகலில் சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனி. இரண்டையும் விட மனசில்லை. ஆனால் இந்த மாதம் ஏற்கெனவே மூன்று நாள் லேட். இன்னொரு நாள் லேட்டானால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்.

போதாக்குறைக்குக் கிளித் தொல்லை. தன் பழைய யூனிபாரம், ஹெல்மெட், மாஸ்க் எல்லாம் மாட்டி ரோட்டோரம் ஒரு பொம்மை நட்டிருந்தான். யூனிபாரம் அவனைவிடப் பொம்மைக்குத்தான் எடுப்பாக இருக்கிறது என்பது மனைவி ஹரிதாவின் கட்சி.

அன்று நல்ல மூடுபனி. தண்ணீர் பாய்ச்சும்போது நனையக் கூடாதென்று கம்பெனி கார்டைப் பொம்மையின் கழுத்தில் மாட்டிவிட்டு, கொல்லையின் மறுகோடிக்குப் போனான். பாழாய்ப்போன மோட்டார் சத்தத்தில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் காதில் விழவில்லை.

டிரைவர் சடகோபனுக்குக் கண்ணாடி போட வெட்கம். "எத்தினி வாட்டிப்பா ஆரன் அடிக்கறது? நின்னுக்கினே தூங்கறியா? எக்கு, எக்கு, வண்டில ஏறு!" என்று பொம்மையைப் பார்த்துக் கத்தினார். பாதித் தூக்கத்தில் இருந்த இரண்டு பேர் இறங்கி அதைத் தூக்கி சீட்டில் சாய்த்தார்கள்.

"கனமே இல்லியே. சரியா துன்றதில்ல போல."

கம்பெனியில் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கார்டைத்தான் பார்ப்பார்கள். அந்த இரண்டு பேரே கார்டை மெஷினில் காட்டி, பொம்மையைத் தணிகாசலத்தின் சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

தணிகாசலம் மொபெட்டில் அலறியடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது மணி ஆறேகால். ஆறு மணி ஷிப்டுக்கு அது லேட்; வேலை போச்சு. செக்யூரிட்டி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"தணிகாசலம் அஞ்சு அம்பதுக்கே உள்ள பூட்டாரே. நீ யாருய்யா?"

அதற்குள் ஹரிதாவின் போன். "ஏங்க, பொம்ம எங்க? கிளிங்க கூட்டமா துன்னுக்கினு கீதுங்க!"

தணிகாசலத்துக்கு எல்லாம் புரிந்தது. நான்தான் தணிகாசலம் என்று சொன்னால் லேட். "சும்மா, இந்தப் பக்கம் வந்தேன் சார்" என்று வண்டியைத் திருப்பினான்.

பத்து மணிக்கு, பொம்மை இருந்த அதே குழியில் இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தான். சூப்பர்வைசரிடமிருந்து வந்த மெசேஜை ஹரிதா படித்தாள்: "தணிகா, இன்னிக்கி சூப்பர்பா. பேச்சில்ல, டீக்குக் கூட எழுந்திரிக்கல. இப்டியே இரு, உன் வேலைக்கு நான் கேரண்டி."

தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க ஒரு கையை மடக்கினான்.

"கைய எறக்காதீங்க, கிளி!" என்று கத்தினாள் ஹரிதா.