தடைக்காலத்தில் நாற்பது வஞ்சிரம்

என் கடையின் பெயர் இந்தியன் அக்வா ஃபுட்ஸ். கிழக்குத் தாம்பரத்தில், விமானப்படைக் குடியிருப்புக்குப் போகிற சாலையில் இருக்கிற மீன் கடை. ‘பூவராகன் மீன் கடை’ என்று வைத்தால் மீன் விற்காதா என்று என் மனைவி ஜோதிலட்சுமி கேட்டாள். கோவளத்தில் என் அப்பா கூடையில் விற்றார், நான் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறேன், அதற்கேற்ற பெயர் வேண்டாமா என்று பெரிய மனிதனாகப் பதில் சொன்னேன். போர்டில் முழுப் பெயர் அடங்கவில்லை. ஐ.ஏ.எஃப். என்று சுருக்கச் சொன்னேன். விமானப்படைக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துதான் என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. நம்ப வேண்டாம், தெரிந்துதான் வைத்தேன்.

ஃபேஸ்புக்கிலும் அதே பந்தாதான். ‘பூவராகன், ஐ.ஏ.எஃப்., தாம்பரம்.’ படத்தில், காட்சிக்கு நிறுத்தியிருக்கிற ஒரு பழைய விமானத்துக்கு முன்னால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்பேன். வயிற்றை உள்ளே இழுத்து, இழுத்த மூச்சை விடுவதற்குள் எடுத்த படம் அது.

பிப்ரவரியில் ஹேமாவதி வந்தாள். ஊரப்பாக்கத்தில் வசிப்பதாகவும், தனியார் கல்லூரி ஒன்றில் வேலை பார்ப்பதாகவும் எழுதினாள். படத்தில் தலை நிறைய மல்லிகைப் பூ. முதல் செய்தியே இப்படி இருந்தது: “வணக்கம் ஐயா. தங்களைப் போன்ற அதிகாரிகளால்தான் நாங்கள் நிம்மதியாக உறங்குகிறோம்.”

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கையில் மீன் செதில், சட்டையில் ஐஸ் தண்ணீர். என்னை யாரும் ‘ஐயா’ என்றதில்லை. ‘தங்களை’ என்றதே இல்லை. ‘நான் மீன் விக்கிறேம்மா’ என்று மூன்று வார்த்தை தட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் தட்டியது வேறு: ‘அது எங்க டியூட்டிதானே.’

பொய் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் எங்கே விமானம் ஓட்டுகிறேன் என்றேன்? கொடுவா வெட்டுவதும் டியூட்டிதான்.

அவள் ஊரப்பாக்கத்துக்காரி இல்லை என்பது பத்தாவது நாளே தெரிந்திருக்க வேண்டும். ‘பீச் வண்டி இன்னைக்கு லேட்டு’ என்று எழுதினேன். “கடலில் நீராடினீர்களா ஐயா?” என்று கேட்டாள். பீச் ஸ்டேஷன் வரை போகிற மின்ரயிலை இந்தத் தடத்தில் எல்லோரும் பீச் வண்டி என்றுதான் சொல்வோம். ஊரப்பாக்கத்தில் நேற்றுக் குடிவந்தவருக்கும் அது தெரியும். எனக்கோ அவளுடைய வெகுளித்தனம் பிடித்துப்போனது. வெகுளி யார் என்பது எனக்கு மே மாதம்தான் புரிந்தது.

ஃபேஸ்புக்கிலிருந்து வாட்ஸப்புக்கு மாறி, தினமும் பேசினோம். என் முதுகுவலியைச் சொன்னேன். வானம் மேகமாக இருக்கிறதா என்று அவள் கேட்பாள், என்ன ரசனை என்று நினைப்பேன். மதிய நேரத்தில் பேசினால் ‘சாப்டியா?’ என்று மறக்காமல் கேட்பேன்.

குடியிருப்பில் இருக்கிற வாடிக்கையாளர்களுக்குத் தினமும் காலையில் வாட்ஸப்பில் மீன் பட்டியல் அனுப்புவது என் வழக்கம். ஏப்ரலில் ஒருநாள் அது கை தவறி ஹேமாவதிக்குப் போய்விட்டது. ‘வஞ்சிரம் 6, கொடுவா 4, கெளுத்தி 9. ஏழு மணிக்கு மெயின் கேட்டுக்கு வரும்.’ உடனே பதில் வந்தது. “புரிந்தது ஐயா. மிக முக்கியமான தகவல். தினமும் அனுப்புங்கள்.” மீன் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்து நானும் தினமும் அனுப்பினேன்.

மே மாதம் எல்லையில் சண்டை தொடங்கியது. வீட்டுக்கு வீடு டிவி அலறியது. அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு, வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் கடைக்குள் வந்தார். கையில் ஒரு ஃபைல்.

“பூவராகன், ஐ.ஏ.எஃப்.? என் பேர் ராகவேந்திரா. உளவுத்துறை.” அவரே ஷட்டரைப் பாதி இறக்கினார்.

ஜெயில் பயம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதல் பயம் இரண்டடி தள்ளி உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தது. ஜோதி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“ஹேமாவதின்னு யாரும் இல்ல சார்,” என்றார் ராகவேந்திரா. “போட்டோ யாரோ ஒருத்தங்களோடது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம்ல ஆளுங்க உக்காந்து, மெஷின்ல தமிழாக்கம் பண்ணி உங்களுக்கு அனுப்பறாங்க.”

“ஆளுங்கன்னா, பொம்பளைங்களா சார்?”

“ஆம்பளைங்க. மூணு பேர், ஷிஃப்ட் போட்டு.”

என் முதுகுவலியை எந்த ஷிஃப்ட்காரனிடம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறேன்.

“சார், சத்தியமா நான் ஒரு ரகசியமும் சொல்லல. எனக்கு இன்னா தெரியும்? மீன் லிஸ்ட்தான் போச்சு.”

“அங்கதான் விஷயமே,” என்றார் அவர். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். “அவங்க உங்கள நெஜமாவே ஆஃபீசர்னு நம்பிட்டாங்க. மீன் பேரெல்லாம் கோட் வேர்டுன்னு முடிவு பண்ணிட்டாங்க. வஞ்சிரம்னா போர் விமானம். கொடுவான்னா ஹெலிகாப்டர். கெளுத்தின்னா என்னன்னு அவங்களுக்குள்ளயே சண்டை.”

என்னை என் மாமனார்கூட இவ்வளவு பெரிய ஆளாக நம்பியதில்லை. அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

“இப்ப எங்களுக்கு அந்த ஆஃபீசர் பூவராகன் வேணும். நாளைக்கு வஞ்சிரம் நாப்பது வருதுன்னு போடுங்க. நாப்பது விமானம் தெற்க வருதுன்னு நெனச்சு அவங்க கொழம்பட்டும்.”

இதற்குள் ஜோதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்திருந்தாள். ஐஸ் பெட்டி மேல் இருந்த ஃபைலை எடுத்தாள். நான் அனுப்பியதும் ஹேமாவதி அனுப்பியதும் தாள் தாளாக அச்சாகி இருந்தன. “மேடம், அது ரகசிய ஆவணம்,” என்றார் ராகவேந்திரா. ஜோதி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளாகப் படித்தாள். சில இடங்களில் விரல் வைத்துக்கொண்டு போனாள்.

“முப்பத்தாறு,” என்றாள் கடைசியில்.

“இன்னா முப்பத்தாறு?”

“முப்பத்தாறு தபா ‘சாப்டியா’ன்னு கேட்டுகிற. விடிகாலம் எய்ந்து உன்கூட காசிமேட்டுக்கு வந்து, கூடைய தூக்கி, மீன் ஆஞ்சு, மூணு மணி வரைக்கும் இங்கதான் குந்திகினு கீறேன். இருபத்தாறு வருசமாச்சு. என்னாண்ட ஒரு தபா கேட்டுகிறியாய்யா?”

ஒரே ஒரு நாளாவது கேட்டிருப்பேன் என்று ஞாபகத்தைத் துழாவினேன். கிடைக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ராகவேந்திரா ஐஸ் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படிக்க ஆரம்பித்தார்.

ஜோதி ஃபைலை மூடினாள். “மொதல்ல நாட்டு வேலைய முடிப்போம். வூட்டு வேலைய அப்பால வச்சிக்கலாம். ஏன் சார், நாப்பது வஞ்சிரம்னா சொன்ன?”

“ஆமா மேடம்.”

“இது தடைக்காலம் சார். மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு ஏப்ரல் பாதிலேர்ந்து ஜூன் பாதி வரைக்கும் நம்ம பக்கம் பெரிய போட்டு எதுவும் கடலுக்குப் போவாது. நாலஞ்சு வஞ்சிரம் பாக்கறதே பேஜார். நாப்பதுன்னு போட்டா எந்த லூசு நம்புவான்? அவனுங்க நெட்ல தட்டிப் பாத்தா உன் குட்டு உடஞ்சிடும்.”

ராகவேந்திராவின் முகம் மாறிவிட்டது. மேலிடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து அந்த நாற்பதை முடிவு செய்தார்களோ தெரியவில்லை. அவர்களில் ஒருவர்கூட மீன் வாங்கப் போனதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

“இப்போ என்ன பண்றது மேடம்?”

ஜோதி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அவளே தட்டினாள். ‘இங்க தடைக்காலம். அதனால கொச்சிலேர்ந்து ஐஸ் வண்டில வஞ்சிரம் 40 வருது. யார்கிட்டயும் சொல்லாத.’

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “மிக்க நன்றி ஐயா. கொச்சி வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும்?”

ராகவேந்திரா மேஜையைத் தட்டினார். “கொச்சி! அங்க கடற்படை விமானதளமும் இருக்கு. எங்களுக்கே தோணல மேடம்.”

“ஊரப்பாக்கத்துக்காரியா இருந்தா, ஐஸ் மீனு வேணாம், ஃப்ரெஷ்ஷா இன்னா கீதுன்னு கேட்டிருப்பா,” என்றாள் ஜோதி. “இத்தினி நாளா பேசிகினு இருந்த இந்தாளு அதகூட யோசிக்கல.”

அடுத்த மூன்று நாளும் ஆஃபீசர் பூவராகனாக இருந்தவள் அவள்தான். நான் ஓரமாக உட்கார்ந்து செதில் எடுத்தேன். என்னைவிட அவள் எழுதிய பூவராகன் அறிவாளியாக இருந்தான், கொஞ்சம் கண்ணியமானவனாகவும் இருந்தான். ‘சாப்டியா’ என்று ஒரு தடவைகூட அவன் கேட்கவில்லை.

நான்காம் நாள் சண்டை நின்றது. எங்கள் நாற்பது வஞ்சிரத்தால் ஏதாவது ஆனதா என்று ராகவேந்திராவிடம் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஒரு கை கொடுத்தார், ஜோதியை எழுந்து நின்று கும்பிட்டார். ஃபேஸ்புக்கில் ஐ.ஏ.எஃப். என்பதை அன்றைக்கே எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன்.

மறுநாள் மதியம் ஹேமாவதியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “ஐயா, சாப்பிட்டீர்களா?” அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் அந்தக் கணக்கே காணாமல் போனது.

ஜோதி போனை என்னிடம் நீட்டினாள். “பாத்தியா? எதிரி நாட்டுக்காரன். ஷிஃப்ட் முடிஞ்சி போற நேரத்துல அவன்கூட கேட்டுட்டுப் போறான்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மணையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை. மணி மூன்று. மூலையில் மாட்டியிருந்த சோற்றுத் தூக்கு காலையில் மாட்டினபடியே இருந்தது. அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்தேன்.

“ஜோதி, சாப்டியா?”

அவள் கத்தியை நிறுத்தவில்லை. “கேக்கறது யாரு? ஆஃபீசரா?”

“மீன்காரன்தான்.”

“இன்னும் இல்ல.”

தூக்கை இறக்கி, தட்டைக் கழுவி, சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தேன். குழம்பைத் தரையில் கொஞ்சம் சிந்திவிட்டேன். அவள் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்ட பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னும் முப்பத்தஞ்சு கீது,” என்றாள்.