எலிசபெத் அக்கா பாடாத பாட்டு

ஜோனத்தான் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் கேசட் கடை வைத்திருந்தான். தொண்ணூறுகளின் நடுவில் அது நல்ல தொழில். வெளிநாட்டு டெக்குகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தன. ஒரு கேசட்டைப் போட்டால் நாலு நகல் எடுத்துத் தரும் மெஷின் ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தான். குவைத்துக்கும் பெங்களூருக்கும் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் போகிற வழியில் அவன் கடையில் நின்று, பிடித்த பாட்டுகளையெல்லாம் ஒரே கேசட்டில் அடைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பாட்டுகள் யாருடையவை, யாரைக் கேட்க வேண்டும் என்ற கேள்வியே அவனுக்கு வந்ததில்லை. காசு கொடுத்து வாங்கிவிட்டால் உள்ளே இருப்பதும் வாங்கினவனுக்குத்தான் என்று நினைத்தான். அந்த வரிசையில் கடை வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எலிசபெத் அவனுடைய சபையைச் சேர்ந்தவள். அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றே கூப்பிடுவான். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் இறந்து போய், ஸ்வீட்டி என்ற ஒரே மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். டியூட்டி இல்லாத நேரங்களில் பாட்டு எழுதுவாள்; மெட்டும் அவளே போடுவாள். கணவர் அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகக் கிடந்த மாதங்களில் எழுதியது ‘என் படுக்கை ஓரம் நின்றவரே’ என்ற பாட்டு. சபையில் துக்க வீடென்றால் முதலில் அதைத்தான் பாடுவார்கள்.

அவளுடைய பாட்டுகளைக் கேசட்டாகப் போடலாம் என்ற யோசனை ஜோனத்தானுடையதுதான். அவள் தயங்கினாள். சர்ச்சில் பாடுவதே போதும் என்றாள். அவன் விடவில்லை. திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவை ஒரு நாளைக்கு எடுத்தான். கீபோர்டுக்கும் தபேலாவுக்கும் ஆள் பிடித்தான். மனைவியின் செயினை அடகு வைத்தான். எலிசபெத் லீவு போட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து இருட்டுகிற வரை நின்று பாடிக் கொடுத்தாள். அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஒரு தாளில்கூட இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. கேசட் அட்டையில் அவள் பெயரைப் பெரிதாகப் போட்டான். கீழே சின்ன எழுத்தில் ‘சகல உரிமைகளும் ஜோனத்தான் ஆடியோவுக்கே’ என்று அச்சடித்தான். மற்ற கேசட்டுகளில் அப்படி இருந்ததைப் பார்த்துப் போட்டதுதான். அந்த வரியைப் போட்டதாலேயே உரிமை தனக்கு வந்துவிட்டதாக நம்பினான்.

இரண்டு வருஷம் கழித்து எலிசபெத் குவைத்துக்குப் போனாள். ஸ்வீட்டியை வேலூரில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவள் போன சில மாதங்களில் சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் கடைக்கு வந்தார். அந்தப் பாட்டுகளைப் பெரிய பாடகர் ஒருவரை வைத்து மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார். பாட்டெல்லாம் உங்களுடையதுதானே என்று கேட்டார். ஜோனத்தான் ஆமாம் என்றான். செலவு செய்தது நான், ரெக்கார்டு எடுத்தது நான், அட்டையிலும் என் உரிமை என்றுதான் இருக்கிறது என்றான்.

ஒப்பந்தத்தில் பாட்டு எழுதியவர் பெயருக்கு ஒரு இடம் இருந்தது. அங்கே பேனா நின்றது. எழுதினவர் குவைத்தில் இருக்கிறார் என்று அவன் சொல்லத் தொடங்கியதும் கம்பெனிக்காரர் முகம் மாறிவிட்டது. அப்படியென்றால் அவருடைய கையெழுத்து வேண்டும், ஆறு மாதம் ஆகும், அதற்குள் கிறிஸ்துமஸ் போய்விடும் என்றார். உரிமை உங்களுக்கு என்றால் உங்கள் பெயரையே போட்டுவிடலாம், குழப்பம் இருக்காது என்றும் சொன்னார். பக்கத்துக் கடையிலேயே ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. எலிசபெத் தங்கியிருந்த இடத்தின் நம்பர் அவன் சட்டைப்பையில் இருந்த டைரியில் இருந்தது. போன் பண்ணினால் அவள் வேண்டாம் என்று சொல்லமாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் கம்பெனிக்காரர் மதிய பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜோனத்தான் தன் பெயரை எழுதினான்.

அந்தக் கேசட் நன்றாக ஓடியது. வேலூர், குடியாத்தம், கோலார் வரைக்கும் சர்ச்சுகளில் பாடினார்கள். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அவனை மேடைக்குக் கூப்பிட்டு, தேவன் கொடுத்த வரம் என்று சொல்லி மாலை போட்டார்கள். எங்கள் சபை எலிசபெத் அக்கா எழுதினது என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. மேடையை விட்டு இறங்கினதும் பாஸ்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். இறங்கிய பிறகு ஜனங்கள் கை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதோடு போயிற்று. சித்தூர் சபையில் எழுதினவள் யார் என்று தெரிந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கம்பெனிக்கு விற்றால் அப்படித்தான் பெயர் போடுவார்கள்போல என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

நாலாம் வருஷம் எலிசபெத் லீவில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து, தெலுங்கு ஆராதனைக்காரர்கள் உள்ளே வந்துகொண்டிருந்த நேரத்தில், சர்ச் வாசலில் அவனைப் பார்த்துவிட்டு நின்றாள். கோபமாக இருப்பாள் என்று அவன் பயந்தான். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். குவைத்தில் தானே பாடி ஒரு சிடி போட நினைத்ததாகவும், கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு அந்தப் பாட்டுகளை யாரும் எடுக்கக்கூடாது என்று பதில் வந்ததாகவும் சொன்னாள்.

“நானே எழுதினத நான் பாடி சிடி போடக்கூடாதாம், ஜோனா. சட்டமே அப்டித்தானாம். ஒன் பேர்ல கீதுன்னாங்க. நீ பர்மிஷன் குடுத்தா பாடலாமா?”

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். ஜோனத்தான் தரையைப் பார்த்தான்.

“அது இப்ப கம்பெனி கையில போயிட்சிக்கா. நான் இன்னா பண்றது.”

“செரி வுடு,” என்றாள். அவன் மனைவியை விசாரித்துவிட்டு ஆட்டோ ஏறிப் போனாள்.

அடுத்த வாரம் சபையில் ஒரு பெரியவருக்கு நினைவு ஆராதனை நடந்தது. பாஸ்டர் ‘என் படுக்கை ஓரம் நின்றவரே’ பாட்டைச் சொன்னார். எல்லாரும் எழுந்தார்கள். ஜோனத்தான் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் பெண்கள் பக்கம் முழுவதும் அவனுக்குத் தெரிந்தது. எலிசபெத் மூன்றாவது பெஞ்சில் நின்றாள். சபை முழுக்கப் பாடியது. அவள் மட்டும் உதட்டை அசைக்கவில்லை. ஹாஸ்டலிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற ஸ்வீட்டி அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் பாடுவதை நிறுத்திக்கொண்டாள். சர்ச்சில் நின்று பாடுவதற்குக்கூடத் தனக்கு உரிமையில்லை என்று எலிசபெத் நம்பிவிட்டாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று அவனால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் கடையைத் திறந்தான். யார் என்ன கேட்டார்கள் என்பது காதில் விழவில்லை. கடைசியில் திருப்பதிக்குப் பஸ் ஏறினான். கடை வாடகை வழக்கு ஒன்றில் பழக்கமான வக்கீல் கோவர்த்தனன் அங்கே இருந்தார். நீ செய்தது சரிதான், காசு போட்டவனுக்குத்தான் பாட்டு என்று ஒரு படித்தவர் வாயால் கேட்டுவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்துத்தான் போனான்.

கோவர்த்தனன் நிதானமாகக் கேட்டார். அந்த அம்மா உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்தார்களா? இல்லை. எதிலாவது எழுதிக் கொடுத்தார்களா? இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஜோனத்தான், நீங்க எடுத்த கேசட்டு உங்களுது. அன்னிக்கு ஸ்டுடியோவுல பதிவான சத்தம் உங்களுது. ஆனா பாட்டு எழுதினவங்களுது. அவங்க எழுதி முடிச்ச அன்னிக்கே அவங்களுதா ஆயிடுச்சி. எங்கயும் போயி ரிஜிஸ்டர் பண்ணத் தேவையில்ல.”

“அட்டையில சகல உரிமையும்னு போட்டிருக்கேனே சார்.”

“போட்டா ஆயிடுமா? அவங்க கையெழுத்து வெச்சித் தந்தாத்தான் உங்களுக்கு. அவங்க தரல. அதனால உங்ககிட்ட இல்லாதத நீங்க வித்திருக்கீங்க.”

“கம்பெனி அவங்கள பாடக்கூடாதுன்னு சொல்லிச்சே.”

“உங்க பேச்ச நம்பிச் சொல்லிச்சி. பாட்டு எழுதினது நான்தான்னு நீங்க கையெழுத்து போட்டீங்க இல்ல?”

இதைச் சரிசெய்ய வேண்டுமானால் என்ன வழி என்று கேட்டான். எழுதினவன் நானில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார் வக்கீல். கொடுத்தால் கம்பெனி அவன்மேல் பாயும், பாட்டுகளுக்குத் தந்த பணத்தைத் திருப்பிக் கேட்கும், கடை தாங்காது என்பதையும் மறைக்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தன் உரிமை தெரியாது, யோசித்து வாருங்கள் என்று அனுப்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் யோசித்தது சட்டத்தைப் பற்றி அல்ல. சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. பாதி வழியில் வரும் பாகாலா வரைக்கும் அதைச் சொல்லிப் பார்த்தான். ஆனால் பாட்டை எழுதினது தான் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எந்தச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை. பேனா நின்ற அந்த இடத்தில் அவனுக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

அப்படியும் அவன் உடனே எலிசபெத்திடம் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். எலிசபெத் அதற்குள் குவைத்துக்குத் திரும்பிவிட்டால் நல்லது என்றுகூட ஒருமுறை நினைத்தான். அப்படி நினைத்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. அன்று சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு கிரீம்ஸ்பேட்டையில் இருந்த அவள் வீட்டுக்குப் போனான். கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்வீட்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. வக்கீல் சொன்னதை எல்லாம் சொன்னான். பிறகு, பேனா நின்றதையும் போன் நம்பர் பையில் இருந்ததையும் சொன்னான்.

எலிசபெத் மடித்துக்கொண்டிருந்த புடவையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“குவைத் சபையில நான்தான் பாட்டு லீடரா இருந்தேன், தெரியுமா ஒனக்கு?” என்றாள். “இத நான் எழுதினேன்னு சொல்லித்தான் கத்துக்குடுத்தேன். அப்பறம் கேசட்டு வந்திச்சி. ஒன் பேரு போட்டு. யாரும் ஒண்ணும் கேக்கல. ஆனா பாடற கொயர்ல இருந்து என்ன மெல்ல எடுத்துட்டாங்க. அடுத்தவன் பாட்டத் தன்னுதுன்னு சொல்றவ எப்டி லீட் பண்றதுன்னு பேசிக்கினாங்களாம். ரெண்டு மூணு வருஷமா கடைசி பெஞ்சில ஒக்காந்துகினு கீறேன்.”

ஜோனத்தானுக்கு இது தெரியாது. கன்வென்ஷன் மேடையில் தன் கழுத்தில் மாலை விழுந்த அதே நாட்களில் அவளுக்கு அங்கே இது நடந்திருக்கிறது. மன்னித்துவிடுங்கள் அக்கா என்று சொல்லத்தான் வந்திருந்தான். அந்த வார்த்தை இதற்குப் போதாது என்று தோன்றியதால் சொல்லாமல் நின்றான்.

“நான் அங்க இருக்கறவங்களுக்கு எழுதறேங்கா. இங்க சபையிலயும் சொல்றேன். பத்திரமும் குடுக்கறேன்.”

“குடு,” என்றாள். “எனக்காவன்னு இல்ல. எம் பொண்ணு எங்க அம்மா பொய் சொல்லிச்சின்னு நெனச்சிக்கினு வளரக்கூடாது.”

ஸ்வீட்டி தலையை நிமிர்த்தவே இல்லை. ஜோனத்தான் படி இறங்கினான். காபி குடித்துவிட்டுப் போ என்று எப்போதும் சொல்கிறவள், அன்று சொல்லவில்லை.

சொன்னபடி செய்தான். குவைத் சபைக்குக் கடிதம் எழுதினான். திருப்பதியில் கோவர்த்தனன் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகள் முடிந்ததும் பாஸ்டரிடம் அனுமதி கேட்டு முன்னால் போய் நின்றான். பாட்டை எழுதினது எலிசபெத் அக்கா, என் பெயரைப் போட்டது நான், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்றான். அவன் மனைவி குனிந்துகொண்டாள்.

கம்பெனி கொஞ்ச நாள் கத்திவிட்டு, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அதற்கு மெஷினையும் சரக்கையும் விற்றுக் கடையை மூட வேண்டியிருந்தது. அதன் பிறகு ஜோனத்தான் காட்பாடி ரோட்டில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கம்பெனி எலிசபெத்திடம் நேரில் கையெழுத்து வாங்கி, அவள் பெயரைப் போட்டுப் புது அட்டை அடித்தது. குவைத் சபைக்காரர்கள் மறுபடியும் அவளைக் கொயருக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டபோது போனாளாம், லீடராக மட்டும் நிற்க மறுத்துவிட்டாளாம். இதெல்லாம் ஸ்வீட்டி அவன் மனைவியிடம் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. எலிசபெத் லீவில் வந்தால் சர்ச்சில் அவனைப் பார்த்துத் தலையசைப்பாள். ஜோனா என்று கூப்பிட்டு நின்று பேசுவது மட்டும் இல்லை.

வெளியூர் சபைகளில் பழைய அட்டையோடு வாங்கின கேசட்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கல்யாண வீட்டிலோ கன்வென்ஷனிலோ யாராவது அவனை அடையாளம் கண்டு, படுக்கை ஓரம் பாட்டு எழுதினவர் நீங்கள்தானே என்று கை கொடுக்க வருவார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் இல்லை, எங்கள் சபை எலிசபெத் என்று சொல்வான். சிலர் நம்புவார்கள். சிலர் அதைத் தாழ்மை என்று நினைத்துக்கொண்டு அவனை இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடிந்ததில்லை.