உச்சியில் நிற்கும் சாவி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, என் தங்கை தப்பாக எழுதிய விடையில் பிறந்தது. ரயில் ஓட்டுநர் தேர்வில் கேட்டிருந்தார்கள்: மேலே எறிந்த பொருள் உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? பூஜ்யம் என்று எழுதிவிட்டு வந்தாள். இரண்டாம் முறையும் தேறவில்லை. "நின்ன இடத்துலயே நிக்கிற, உனக்கெதுக்கு ரயிலு?" என்றார் அவள் கணவர். பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாளை மறுபடி தேர்வு.

2

முதல் தொடக்கம்: "மாறா முடுக்கம் என்பது, சம நேரங்களில் திசைவேகம் சம அளவு..." அடித்துவிட்டேன். இதைப் படிக்கவா இங்கே வந்தீர்கள்?

இரண்டாவது: "அவள் கண்கள் குளமாகி..." [பொய். அவள் அழவில்லை. என் தலையணையைப் பறித்துக்கொண்டு கட்டிலின் நடுவில் படுத்துக்கொண்டாள்.]

3

"முடுக்கி விடுறதுன்னா என்னக்கா? பின்னால நின்னு விரட்டுறது. மேல போய் நின்னத யாரு விரட்டுறா? அப்ப பூஜ்யம்தானே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. குற்றம் சொல்லுடையது.* நம் வாயில் முடுக்கம் என்றால் விரட்டல். பாடத்திலோ, வேகம் மாறுகிற வீதத்துக்கு அந்தப் பெயர். ஏறும்போது குறைப்பதும் அதுதான், இறங்கும்போது கூட்டுவதும் அதுதான். சொல்லச் சொல்ல அவள் கொட்டாவி விட்டாள்.

(* முடுக்கு என்றால் சந்து என்றும் பொருள். அதற்குள் நுழைந்தால் கதை வெளியே வராது.)

4

கணவரை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் மனிதர் இன்று மாலை தெருவில் வந்து நின்று, மாடியில் நின்றிருந்த எங்கள் இருவரையும் அண்ணாந்து பார்த்தார்.

"வீட்டுச் சாவிய விட்டுட்டு வந்துட்டா, அண்ணி."

"மேல வாங்களேன்," என்றேன்.

"எந்த முகத்த வச்சிக்கிட்டு வர்றது? வாய் தவறிடுச்சு. மனசிருந்தா பிடிச்சுக்கட்டும்."

எறிந்தார். சாவி ஏறியது, ஏற ஏறச் சோர்ந்தது, கைப்பிடிச் சுவருக்கு மேலே அவள் மூக்குக்கு நேராக நின்றது. அவள் கை நீட்டவில்லை, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி விழுந்தது. கீழே அவர் முகமும் விழுந்தது.

"அக்கா, அது நின்னுச்சு. ஆனா பூமியோட இழுப்பு நிக்கல. நின்னிருந்தா அங்கயேல்ல தொங்கியிருக்கும்?"

பரீட்சையைப் பற்றி இனி எனக்குக் கவலையில்லை. கீழே ஒருவர் குனிந்து சாவியைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பியதுதான் இப்போது கவலை.

"ஏங்க, இன்னொரு தடவ போடுங்க," என்றாள்.

அவர் திரும்பினார். "பிடிக்கிறதுக்கா, பாக்குறதுக்கா?"

அவள் கைப்பிடிச் சுவரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அவர் எறிந்துவிட்டார்.

5

முடிவு அ: பிடித்தாள், சமாதானம். [இவ்வளவு சுலபமா?]

முடிவு ஆ: மறுபடியும் பார்த்துக்கொண்டே... [வேண்டாம், மனசு கேட்கவில்லை.]

சாவி இப்போது உச்சியில். நான் பேனாவை மூடிவிட்டேன். அதனால் கதை நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். இழுப்பு இருந்துகொண்டேதான் இருக்கிறது. அவள் கை இன்னும் சுவரின் மேல்தான். சீக்கிரம் சொல்லுங்கள், நீட்டச் சொல்லவா?