முட்டைப் பெட்டியில் என் மகள்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோதாத்ரியும் நானும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏன் நடந்தோம் என்று உங்களுக்குப் புரியாது.

திருப்பதியில் நான் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். அவர் ரசாயனம். நான் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தான். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோவிந்தராஜ ஸ்வாமி கோயிலில் பாசுரம் ஓதுகிறவர்கள். ஆனால் சண்டை அதனாலெல்லாம் வரவில்லை. விஞ்ஞான சங்கக் கூட்டத்தில், எதை நிலையானது என்று சொல்லலாம் என்பதில் வந்தது.

"ஒன்றை லேசாகத் தள்ளிப் பாருங்கள். பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் அது நிலையானது. கிண்ணத்துக்குள் கிடக்கிற கோலிக்குண்டு மாதிரி" என்றேன் நான்.

தோதாத்ரி எழுந்தார். "தள்ளுவானேன்? எத்தனை காலம் மாறாம இருக்குன்னு பார்த்தாப் போறுமே. வைரம்கூட மெல்ல மெல்லக் கரியாகிறதுதான். நம்ம ஆயுசுக்குள்ள ஆகாது, அதனால நிலையானதுங்கறோம்."

விலங்கியல் நாகபூஷணம் சமாதானத்துக்கு வந்தார். "உயிருக்கு ரெண்டுமே பொருந்தாது சார். அது ஓயாம தன்னைச் சரி பண்ணிக்கினே இருக்கும். அது நின்னா அவ்ளோதான்." அவர் பேச்சை யார் கேட்டது? எங்கள் குரல் உயர்ந்தது, மாணவர்கள் சிரித்தார்கள், அன்றோடு எங்கள் பேச்சுவார்த்தை முறிந்தது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் சென்னை ராஜ்யத்தோடு இருந்த எல்லைத் தகராறு தீர்ந்து, என் மனைவி தாட்சாயணியின் ஊரான நாகலாபுரம் ஆந்திராவோடு சேர்ந்தது. "எங்க நைனா ஊட்டத் தூக்கிக்கினு வந்து உங்க பக்கம் வெச்சிட்டாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். மார்கழி பிறந்ததும் குழந்தையும் பிறந்துவிட்டது. நாள் ஆகுமுன்பே அவசரப்பட்டு வந்த பெண் குழந்தை. என் உள்ளங்கையில் அவள் தலையும் முதுகும் அடங்கின.

சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது. டாக்டரம்மா நல்லவர், எதையும் ஒளிக்கவில்லை. "உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு வரணும். அதுவரைக்கும் பஞ்சில நனைச்சுதான் பால் விடணும். உடம்பு சூடு மட்டும் குறையவே கூடாது. குறைஞ்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதற்கான இயந்திரத்துக்குப் பட்டணம் போக வேண்டும். அந்தக் குளிரில் அவ்வளவு தூரம் பிள்ளை தாங்காது.

நாகபூஷணம் சைக்கிளில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கோழிமுட்டை பொரிக்க வைத்து மாணவர்களுக்குக் காட்டுகிற பெட்டி. உள்ளே இரண்டு பல்புகள், மேலே கண்ணாடி மூடி. ஆனால் சூடு ஏறினால் விளக்கை அணைத்து, குறைந்தால் ஏற்றுகிற கருவி அதில் கெட்டுக் கிடந்தது. கல்லூரியில் நம்பத்தகுந்த கருவி ஒன்றுதான் இருந்தது, தோதாத்ரியிடம். கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாகபூஷணம்தான் போய்க் கேட்டார். தோதாத்ரி தாமே எடுத்து வந்தார், ஜன்னல் வழியாகக் கொடுத்து எப்படிப் பொருத்துவது என்று சொன்னார், என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

கருவியைப் பொருத்திக் குழந்தையைப் பெட்டிக்குள் கிடத்திய கொஞ்ச நேரத்தில் நர்ஸ் செங்கம்மா கூப்பிட்டாள். "சார், பாப்பா காலு நீலமாப் போவுது!" பல்புகள் அணைந்திருந்தன. கருவியைப் பார்த்தேன். இருபத்தைந்து டிகிரியில் வைத்து அரக்கு முத்திரை போட்டிருந்தது! ரசாயனக்காரர்களின் அட்டவணையெல்லாம் இருபத்தைந்து டிகிரிக்குத்தான். உலகமே அந்தச் சூட்டில் இருக்கிறது என்று அந்த மனிதருக்கு நினைப்பு. குழந்தையைப் போர்த்தி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கருவியோடு அவர் வீட்டு வாசலுக்கே போய்க் கத்தினேன். "உள்ள இருக்கறது உப்புத் தண்ணி இல்லய்யா, என் பொண்ணு!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. அங்கேயே நின்று நகத்தால் அரக்கை உடைத்து, முப்பத்துமூன்றுக்கு மாற்றி என் கையில் கொடுத்தார். அந்த அரக்கை உடைத்தால் அவருடைய ஆராய்ச்சி முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டும் என்று பிறகு நாகபூஷணம் சொல்லித்தான் தெரியும். நன்றி என்று சொல்ல நினைத்தேன். ரோஷம் விடவில்லை.

அதன்பின் விடியற்காலை தோறும் வருவார். குளித்து, மடி வேஷ்டியும் மேல்துண்டுமாகக் கோயிலுக்குப் போகிற வழி அது. பிள்ளை பெற்ற அறை தீட்டு. உள்ளே காலெடுத்து வைத்தால் மறுபடி குளித்தாக வேண்டும், அதற்குள் பாசுரம் ஓதும் கோஷ்டி முடிந்துவிடும். அதனால் ஜன்னலுக்கு வெளியே நின்று உஷ்ணமானியைப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். போவார். மார்கழி முழுவதும் அவர் குரலெடுத்த பிறகுதான் மற்றவர்கள் ஓத வேண்டும் என்பது அந்தக் கோயில் முறை.

ஒருநாள் விடிய விடியக் காற்றும் மழையும். எங்கோ மரம் விழுந்து கரண்டு போய்விட்டது. பெட்டி மளமளவென்று ஆறியது. செங்கம்மா வெந்நீருக்காக அடுப்பு மூட்ட ஓடினாள். நனைந்த கரி புகைந்ததே தவிரப் பற்றவில்லை, தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். தாட்சாயணிக்குக் குளிர்ஜுரம், கட்டிலே ஆடும்படி நடுங்கினாள். சில நாளாக எனக்கு இருமல் என்று டாக்டரம்மா என்னை அறை வாசலைத் தாண்ட விடவில்லை. குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

ஜன்னலில் தோதாத்ரி தெரிந்தார். என் ரோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"சூடு எறங்கிக்கினே இருக்குது சார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல" என்று அழுதுவிட்டேன்.

கோயிலில் மேளச் சத்தம் தொடங்கிவிட்டது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று சுற்றிவந்து, என்னைத் தாண்டி அறைக்குள் போனார். ஈரத் துண்டை வீசிவிட்டு, அங்கிருந்த துணியால் மார்பை அழுத்தித் தேய்த்துத் துடைத்தார்.

"முப்பத்தேழு டிகிரியில தானே சரி பண்ணிண்டு இதோ ஒரு பாத்திரம் நிக்கறது. பெட்டி எதுக்கு? கொண்டா அம்மா குழந்தையை."

செங்கம்மா எடுத்துக் கொடுத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை வெறும் மார்பில் கிடத்தி, கம்பளியால் மூடிக்கொண்டார்.

"கோயிலுக்கு..." என்றேன்.

"வேற யாராவது ஆரம்பிப்பா. நீர் பேசாம இரும்."

அவர் மூச்சு விட விடக் கம்பளி ஏறி இறங்கியது. எந்தத் தெய்வத்துக்கும் நான் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை. வெளியே வெளுக்கத் தொடங்கியபோது செங்கம்மா குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "வந்துட்ச்சி சார், சூடு வந்துட்ச்சி" என்றாள்.

திடீரென்று தோதாத்ரி நெளிந்தார். வகுப்பில் பையன்களை மூச்சுவிடாமல் உட்கார வைக்கிற மனிதர், காது சிவக்க என்னைப் பார்த்தார்.

"வெங்கடரமணன், இவ என்ன பண்றா பாரும்!"

குழந்தை வாயைத் திறந்து திறந்து அவர் மார்பில் எதையோ தேடியது. பற்றிக்கொண்டு, உறிஞ்சவே தொடங்கிவிட்டது.

"இங்க ஒண்ணும் இல்லேடி அம்மா. இங்க ஒண்ணும் இல்லே" என்றார். குரல் உடைந்து, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

கட்டிலில் தாட்சாயணி நடுக்கத்தோடு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பசி வந்துட்ச்சா அவளுக்கு? இங்க குடுங்க சாமி, எங்கிட்ட இருக்குது."