கதவில் இல்லாத எட்டு

போடியில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில், செவிலியர்களின் கழுத்து அட்டையில் போன மாதம் ஒரு பொத்தான் வைத்தார்கள். யாராவது அடிக்க வந்தால் அழுத்த வேண்டும். வரவேற்பு மேசையில் மணி அடிக்கும், திரையில் அறை எண் தெரியும், காவலர் ஓடுவார். மாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன் என்பதால் அந்தத் திரை என் பொறுப்பு. அதற்கு நான் போதுமா என்று எனக்கே சந்தேகம். மேலாளர் எட்வர்டுக்கோ எதிலும் சந்தேகமே வராது. கருவியை முதல் அறையில் மட்டும் சோதித்துவிட்டு, "இனி எங்க சிஸ்டருங்க மேல தூசி விழாது" என்று போட்டோவுக்குச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் குரங்கணிப் பக்கம் ஒரு ஜீப்பு கவிழ்ந்தது. அடிபட்டவர்களோடு உறவினர்களும் வந்து குவிந்தார்கள். சற்று நேரத்தில் மணி அலறியது. திரையில் 'அறை 8'.

காவலர் தவசி எழுந்து, அப்படியே நின்றார். "எட்டா? நம்மகிட்ட ஏதுய்யா எட்டு?"

இல்லைதான். எட்டு சனிக்குரிய எண் என்று முதலாளி கதவுகளில் ஏழுக்கு அடுத்து ஒன்பது எழுத வைத்திருந்தார்.

எட்வர்ட் எட்டிப் பார்த்தார். "இல்லாத ரூமுல எவன்யா அடி வாங்குறது? மிஷின் கோளாறு. ஆஃப் பண்ணு."

கருவி பொருத்தியவர்கள் வெளியூர்க்காரர்கள். கதவுகளை வரிசையாக எண்ணியிருப்பார்கள். நானும் விரல்விட்டு எண்ணினேன்; எட்டாவது கதவில் ஒன்பது என்று இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன்.

"சார், அது ஒன்பதா இருக்குமோன்னு..."

"இருக்குமோவா? தெரிஞ்சா சொல்லு, தெரியாட்டி சோலியப் பாரு."

தவசியை இழுத்துக்கொண்டு ஒன்பதுக்கு ஓடினேன். டாக்டர் ஏன் வரவில்லை என்று கத்தியபடி ஒருவன் சிஸ்டர் ஷாரோனைச் சுவரோடு நெருக்கி, சலைன் பாட்டில் மாட்டும் கம்பியை ஓங்கியிருந்தான். ஷாரோனின் நெற்றியில் ஏற்கெனவே ரத்தம். தவசி அவன் கையை முறுக்கிக் கம்பியைப் பிடுங்கினார்.

"என்ன அண்ணே, டீ குடிச்சிட்டு வந்தீங்களா?" என்றார் ஷாரோன், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் நெற்றியில் தையலோடு வந்தார். "கதவுல எட்டுன்னு எழுதுங்க. அதுவரைக்கும் அந்த ரூமுக்குள்ள போகமாட்டேன்."

"மொதலாளி நம்பிக்கைம்மா அது. சர்ச்சுக்குப் போற வேதக்காரன் நானே வாயத் தொறக்கல" என்றார் எட்வர்ட். "அங்க இருக்கப்ப மட்டும் பட்டனை அமுக்காதீங்களேன்."

"சரி சார். அடிக்கிறவனை ஏழாம் ரூமுக்குக் கூட்டிட்டு வந்து அமுக்குறேன்."

சொல்லிவிட்டு நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மற்ற சிஸ்டர்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நோயாளிகள் சத்தம் போட ஆரம்பித்த பிறகே முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். இத்தனை படித்த மனிதர் ஒரு எண்ணுக்கு அஞ்சி நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக இருந்தது. கடைசியில் பெயிண்டரை வரவழைத்தார்கள். ஒன்பது எட்டானது, அடுத்த கதவுகளிலும் எண் ஒன்று குறைந்தது. பெயிண்ட் காய்வதற்குள் எட்டின் கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டச் சொன்னார் முதலாளி. அதற்கும் எட்வர்ட் தலையாட்டினார்.

"சனி வந்தாலும் இந்தப் பட்டனைத்தானே சார் அமுக்கணும்?" என்று ஷாரோன் கேட்டார்.

கேட்டுவிட்டு, ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு எட்டாம் அறைக்குள் போய்விட்டார்.